துகள்களுக்கு நடுவே காற்று என்று எழுதிய பையனுக்காக

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். ஏழாவது படிக்கும் மகன், "தண்ணீரின் துகள்களுக்கு இடையே உள்ள இடத்தில் என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்கு "காற்று" என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் சுழித்து ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். "ஒன்றுமில்லை என்பதுதான் விடையாம். ஒன்றுமே இல்லாமல் ஒரு இடம் எப்படி இருக்கும், பக்கத்தில் இருப்பது வந்து அடைத்துக்கொள்ளாதா, எனக்கே விளங்கவில்லை" என்கிறார். கடைசியில் ஒரு வரி: "அப்படியே அல்வா திண்மமா திரவமா என்றும் யாராவது சொல்லிவிடுங்கள், அதையும் கேட்டு உயிரை எடுக்கிறான்."

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது ஒரு மார்க் விவகாரம் இல்லை. டம்ளரில் தண்ணீர் இடைவெளியே இல்லாமல் ஒரே பொருளாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது, அது உள்ளுக்குள் துண்டு துண்டாக, நடுவில் வெறுமையோடு இருக்கிறது என்பதை எதை வைத்து ஒப்புக்கொள்வது, அதுதான் உங்கள் கேள்வி. நான் 31 வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், தாமிரபரணிக் கரையோரம் ஒரு பள்ளிக்கூடத்திலும் பிறகு தேரிக்காட்டுப் பக்கம் ஒன்றிலுமாக. பள்ளிக்கூட அளவுக்கு இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அதற்கு மேலே, அணுவுக்குள் போய் குவாண்டம் பேச வேண்டிய இடத்தில் நான் வாசகன்தான், ஆசிரியன் இல்லை. அந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். டீச்சர் போட்டது சரி. ஆனால் பையன் எழுதியது மடத்தனம் இல்லை. இதே கேள்வியை வகுப்பில் வாய்மொழியாகக் கேட்டால் பாதிப் பேருக்கு மேல் "காத்து சார்" என்பார்கள், மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பார்கள். நான் உடனே தப்பு என்று சொல்ல மாட்டேன். "சரி, காத்துன்னா என்ன? அதுவும் துகள்தானே? காத்துத் துகளுக்கு நடுவுல என்ன இருக்கு?" என்று அடுத்த கேள்வியைப் போடுவேன். ஒரு தடவை ஒரு பிள்ளை எழுந்து, "அதுக்கு நடுவுல சின்னக் காத்து சார்" என்றது. அதற்கும் நடுவில்? "அதைவிடச் சின்னக் காத்து." அதற்கும்? நாலாவது சுற்றில் அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்காவது ஓரிடத்தில் நின்று "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லித்தான் ஆக வேண்டும், கடைசிப் படியில் சொல்வதை முதல் படியிலேயே சொல்லிவிடலாம், அவ்வளவுதான்.

உங்கள் பையனுக்குத் துணையும் பெரிய இடத்திலிருந்துதான். வெறுமை என்று ஒன்று இருக்கவே முடியாது என்று அடித்துச் சொன்னவர் அரிஸ்டாட்டில். அவருக்கு முந்தியே டெமாக்ரிட்டஸ் என்ற இன்னொரு கிரேக்கச் சிந்தனையாளர், இருப்பவை அணுக்களும் வெறுமையும் மட்டுமே என்று சொல்லியிருந்தும் அது எடுபடவில்லை. 1640-களில் டாரிசெல்லி என்ற இத்தாலிய விஞ்ஞானி ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிப் பாதரசக் கிண்ணத்துக்குள் தலைகீழாகக் கவிழ்த்தபோது, பாதரசம் 76 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்கி நின்று, மேலே வெற்றிடம் கண்ணெதிரே தெரிந்தது. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 1978-இல் நோவிக், நுஸ்பாம் என்ற இருவர் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு செய்தார்கள்: ஒரு குடுவையிலிருந்து கொஞ்சம் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் மீதிக் காற்று உள்ளே எப்படி இருக்கும் என்று படம் வரையச் சொன்னது. புள்ளி புள்ளியாக வரைந்த பிள்ளைகளிலும் பலருக்கு, புள்ளிகளுக்கு நடுவில் ஒன்றுமில்லை என்று விட மனசு வரவில்லை, தூசியோ காற்றோ எதையாவது போட்டு நிரப்பினார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைத்தால் பையன் நாளைக்கு உங்களை மடக்குவான். தண்ணீருக்குள் காற்று இருக்கத்தான் செய்கிறது. இல்லாவிட்டால் தாமிரபரணியில் மீன் எப்படிப் பிழைக்கும்? சட்டியில் தண்ணீரை அடுப்பில் வைத்தால் கொதி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே சுவரோரம் பொடிப் பொடியாகக் குமிழி ஒட்டுகிறதே, அது கரைந்திருந்த காற்று வெளியேறுவது. ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் சுமார் 8 மில்லிகிராம். தண்ணீரின் துகளுக்கும் ஆக்ஸிஜனின் துகளுக்கும் மூலக்கூறு என்று பெயர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டு லட்சம் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு ஒரே ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு. இரண்டு லட்சம் பேர் கூடிய திருவிழாவில் ஒரே ஒரு வெளியூர்க்காரர் நிற்கிறார், அவர்தான் எல்லாருக்கும் நடுவில் உள்ள இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று யாராவது சொல்வார்களா? அவரும் கூட்டத்தில் ஒரு ஆள். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு அந்தக் காற்றை விரட்டிவிட்டாலும் தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது, சுருங்கி உள்ளே விழுந்துவிடவில்லை.

அடுத்து மெடிக்கல் ஷாப்பில் ஒரு 10 மில்லி சிரிஞ்சு வாங்குங்கள், ஊசி வேண்டாம். காற்றை இழுத்து, முனையைப் பெருவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளச் சொல்லுங்கள். பாதி தூரம் போகும், விட்டால் திரும்பி வரும். இப்போது தண்ணீரை இழுத்து, குமிழி இல்லாமல் தட்டி வெளியேற்றிவிட்டு, அதே மாதிரி. அசையாது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவான், முகம் சிவக்கும், பெருவிரலில் வட்டமாகத் தழும்பு விழும், தண்ணீர் அசையாது. நான் எந்த வகுப்பில் செய்தாலும் இந்த இடத்தில் ஒருவன் "சார், இது கெட்டியாயிட்டு" என்பான். அந்த ஒரு நிமிஷம் முப்பது படத்துக்குச் சமம். ஏனென்றால் காற்றுத் துகள்களுக்கு நடுவில் நிறைய இடம் இருக்கிறது, தண்ணீர்த் துகள்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட இல்லை என்பதை அவன் விரலே சொல்லிவிடுகிறது.

இங்கே எனக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. மூன்று கட்டம் போட்டு, முதலாவதில் உருண்டைகளை நெருக்கமாக அடுக்கி திண்மம், இரண்டாவதில் பாதி தள்ளித் தள்ளி வைத்து திரவம், மூன்றாவதில் இன்னும் தள்ளி வைத்து வாயு என்று வரைவார்கள், பார்த்திருப்பீர்கள். கரும்பலகையில் நானும் வருஷக்கணக்காக அப்படியே வரைந்தவன்தான். அந்த நடுக் கட்டம் தப்பு. திரவத்திலும் உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும், வரிசை மட்டும் குலைந்திருக்கும். ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்தில் அமுக்கினாலும் தண்ணீர் நூற்றுக்கு ஐந்து பங்குகூடச் சுருங்காது. வாயு அப்படியில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் 100 டிகிரியில் நீராவியானால் சுமார் 1,670 லிட்டர் இடம் பிடிக்கும். நீளவாட்டில் பார்த்தால், ஒரு துகளுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 12 மடங்காகிறது. ஒரு உருண்டையை மிளகு அளவுக்கு வரைந்தால் அடுத்ததைப் பன்னிரண்டு மிளகு தள்ளி வரைய வேண்டும், மேலும் கீழும் பக்கவாட்டிலும் அதே கணக்கு. புத்தகக் கட்டத்தில் அதற்கு இடம் ஏது? அதனால் வாயுவையும் நெருக்கி, திரவத்தையும் தள்ளி, ரெண்டையும் கெடுத்துவிடுகிறார்கள்.

ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதியில் நின்றிருக்கிறீர்கள்தானே. கோயில் மண்டபத்தில் கதாகாலட்சேபம் கேட்க வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்த கூட்டம் திண்மம், அவரவர் இடத்திலேயே ஆடுவார்கள், அசைவார்கள், இடம் மாற மாட்டார்கள். வடம் பிடிக்கும் நேரத்தில் வீதியில் நிற்கிற கூட்டம் திரவம். முன்னால் இருப்பவர் முதுகும் நம் நெஞ்சும் ஒட்டியிருக்கும், ஆனாலும் எப்படியோ நகர்ந்துகொண்டே இருப்போம், கூட வந்தவர் பத்து நிமிஷத்தில் எங்கேயோ போயிருப்பார். எல்லாம் முடிந்து, பொருட்காட்சித் திடலில் பத்துப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினால் அது வாயு. மனிதர்கள் அவரவர் இஷ்டத்துக்குப் போகிறவர்கள், துகளுக்கு இஷ்டம் என்று எதுவும் கிடையாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "துகள் வெளியே போக ஆசைப்படுகிறது" என்று பரீட்சையில் எழுதுவான். எழுதியிருக்கிறார்கள்.

இனி நீங்கள் கேட்ட "பக்கத்தில் இருப்பது வந்து அடைத்துக்கொள்ளாதா?" என்பதற்கு வருகிறேன். வரும். வந்துகொண்டேதான் இருக்கிறது. வெற்றிடம் என்றதும் காலி அறை மாதிரி, சுவர் வைத்து, அங்கேயே நிற்கிற ஒன்று என்று நினைக்கிறோம். நம் வீட்டுக் காற்றில் ஒரு மூலக்கூறு சராசரியாக நொடிக்கு 500 மீட்டர் வாக்கில் பாய்கிறது. ஆனால் சுமார் 70 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்) போவதற்குள் இன்னொன்றின் மேல் மோதித் திரும்புகிறது, அதாவது ஒரு நொடியில் 700 கோடி மோதல். ஒரு வெறுமை நிரம்பும்போது பக்கத்தில் இன்னொன்று திறக்கும். நிரந்தரமாக எதுவும் காலியாக இருப்பதில்லை, நிரந்தரமாக எதுவும் நிரம்பி இருப்பதும் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் ஏன் அடைந்துவிடவில்லை என்றால், வாயுவில் ஓட்டம்தான் காரணம், ஈர்ப்பு இருந்தும் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தப் பற்றாது. திரவத்திலும் திண்மத்திலும் ஈர்ப்பு ஜெயித்துவிடுகிறது, ஆனால் ஓரளவுக்கு மேல் நெருங்கினால் அதே துகள்கள் ஒன்றையொன்று பலமாகத் தள்ளும். சிரிஞ்சில் விரலில் பட்டது அந்தத் தள்ளல்தான்.

இவ்வளவு வேகம் இருந்தும் பூஜையறையில் ஏற்றிய ஊதுபத்தி வாசனை திண்ணைக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகிறதே என்பதற்கும் அந்த மோதல்தான் காரணம் என்று சொல்வது வழக்கம். பாதிதான் உண்மை. காற்று துளியும் அசையாமல், துகள் துகளாக முட்டி மோதி மட்டுமே வாசனை வர வேண்டுமென்றால் மூன்று மீட்டருக்கே நாள்கணக்கில் ஆகிவிடும். நிஜத்தில் வாசனையைச் சுமந்து வருவது வீட்டுக்குள் ஓடுகிற காற்றோட்டம், மின்விசிறி, சூட்டில் மேலே எழும் காற்று. விரவுதலுக்கு, அதாவது துகள்கள் தாமாகவே பரவிக் கலப்பதற்கு, எடுத்துக்காட்டு என்று ஊதுபத்தியையே பிள்ளைகள் எழுதுகிறார்கள், எழுதட்டும், மார்க் கிடைக்கும். உங்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சரி, இதெல்லாம் கதையா, நிஜமா? துகள் இருக்கிறது என்பது நிஜம், அதில் இன்று சந்தேகத்துக்கு இடமே இல்லை. 1827-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் மகரந்தத்திலிருந்து வந்த நுண்ணிய துணுக்குகள் தண்ணீரில் ஓயாமல் துள்ளுவதை உருப்பெருக்கியில் பார்த்தார். உயிர் இருப்பதால் துள்ளுகிறதோ என்று உயிரில்லாத பொருள்களின் தூளைப் போட்டும் பார்த்தார், அதுவும் துள்ளியது. 1905-இல் ஐன்ஸ்டைன், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடிப்பதால் வரும் துள்ளல் இது என்று வைத்துக்கொண்டு, அப்படியானால் இத்தனை நேரத்தில் இவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1908-இலிருந்து ழான் பெரின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதை அளந்து பார்த்தார், கணக்கு ஒத்துப்போனது. 1926-இல் அவருக்கு நோபல் பரிசு. அதுவரை அணு என்பது வெறும் சௌகரியமான கற்பனை என்று சொல்லிவந்த ஆஸ்ட்வால்ட் போன்ற பெரிய வேதியியலாளரே அந்த அளவீடுகளுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். 1989-இல் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி மூன்று எழுத்தே எழுதிக் காட்டிவிட்டார்கள்.

துகள் உண்டு என்பது உறுதி என்றேன். ஆனால் நாம் வரைகிற உருண்டை உறுதி இல்லை. அது ஒரு கைத்தடி மாதிரி, நடக்க உதவும். அதிலும் "துகள்" என்ற சொல்லே ஆளைக் கவிழ்க்கும், ஏனென்றால் நமக்குத் துகள் என்றால் தூள், பொடி, மணல். தேரிக்காட்டுப் பள்ளியில் சேர்ந்த புதிதில், திண்மத்துக்குத் தனக்கென்று வடிவம் உண்டு, திரவம் பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கும் என்று பெருமையாக எழுதிப் போட்டேன். அப்பா ஆறுமுகநேரிப் பக்கம் அளத்தில் உப்பு வாருகிற பையன் ஒருவன், பின்பெஞ்சு, மெதுவாக எழுந்து, "சார், உப்பும் டப்பாவோட வடிவத்தைத்தான சார் எடுக்கு?" என்றான். எனக்குச் சட்டென்று வாயடைத்துப்போயிற்று. மணிக்கு மணி தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று நான் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் அவனே யோசித்து, "ஆனா சார், உப்ப அம்பாரமாக் குமிக்கலாம். தண்ணியக் குமிக்க முடியாது" என்றான். இதைவிடத் தெளிவாக இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. தினமும் அம்பாரத்தைப் பார்க்கிற கண் அது.

அந்த உப்பு மணிதான் துகள் என்று அவன் வகுப்பில் எல்லாரும் நினைத்திருந்தார்கள் என்பது எனக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது. சாப்பாட்டு மேசைப் பொடியுப்பின் ஒரே ஒரு மணியில் சுமார் பத்தாயிரம் கோடி கோடி அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏறிய அணுக்கள், இருக்கும், சோடியமும் குளோரைடும் பாதிக்குப் பாதி. உப்பில் மூலக்கூறு என்று ஒன்று தனியாகக் கிடையாது, அதனால்தான் பாடப்புத்தகம் பொத்தாம்பொதுவாகத் துகள் என்று நழுவுகிறது. மணி பெரிதாகத் தெரிவதால் வருகிற இன்னொரு தப்பு, பொருளுக்கு உள்ள குணமெல்லாம் துகளுக்கும் உண்டு என்று நினைப்பது. பனிக்கட்டி உருகும்போது ஒவ்வொரு உருண்டையும் இளகி வடிவதாக வரைந்த படங்களை நான் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். சூடாக்கினால் உருண்டை பெருத்துவிடும் என்றும் வரைவார்கள். உருகுவது கூட்டம், ஆள் இல்லை. விரிவது இடைவெளி, ஆள் இல்லை. ஒரு தண்ணீர் மூலக்கூறு ஈரமாக இருக்காது, பனிக்கட்டியில் இருந்தாலும் ஆவியில் இருந்தாலும் அது அதேதான். உப்பு தண்ணீரில் "உருகிவிட்டது" என்று வீட்டில் சொல்கிறோமே, அதையும் கொஞ்சம் கவனியுங்கள். அது கரைதல். உப்பு உருக 801 டிகிரி வேண்டும்.

சொற்கள் படுத்தும் பாட்டில் "ஆவி" தனி ரகம். இட்லிப் பானையைத் திறந்தால் வெள்ளையாகக் கிளம்புவதை ஆவி என்கிறோம், அது வாயு இல்லை, பொடித் தண்ணீர்த் துளிகள், அதாவது திரவம். குற்றாலத்துச் சாரல் மாதிரிதான், இன்னும் பொடி. நிஜமான நீராவி கண்ணுக்கே தெரியாது. கெட்டில் மூக்கை ஒட்டி ஒரு விரல்கடை தூரம் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும் பாருங்கள், அங்கேதான் அது இருக்கிறது, கையை வைத்துவிட வேண்டாம். அதே மாதிரி அளத்தில் கடல்தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமலேயே வற்றுகிறதே என்று ஒரு பிள்ளையும் கேட்பதில்லை. துகள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் இல்லை, மேற்பரப்பில் வேகமாக இருப்பவை எந்தச் சூட்டிலும் தப்பித்துக்கொண்டே இருக்கும், மிச்சம் இருப்பவை மந்தமானவை, அதனால்தான் மண்பானைத் தண்ணீர் குளிர்கிறது.

உருண்டைப் படம் கைவிடுகிற இடமும் உண்டு. நெருக்கமாக அடுக்கினால் திண்மம் என்றால், எந்தப் பொருளும் உறையும்போது சுருங்க வேண்டும். தேங்காயெண்ணெய் சொன்னபடி கேட்கும். மார்கழிக் காலையில், 24 டிகிரிக்குக் கீழே போய், வாயகன்ற சீசாவில் வெள்ளையாக உறைந்திருக்கும்போது நடுவில் குழி விழுந்திருக்கும். தண்ணீர் கேட்காது. உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், அதனால்தான் ஐஸ் மிதக்கிறது, ஃப்ரீஸரில் வைத்த கண்ணாடி பாட்டில் வெடிக்கிறது. காரணம், தண்ணீர் மூலக்கூறு உருண்டை இல்லை, வளைந்த வடிவம், குறிப்பிட்ட திசைகளில்தான் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும், அப்படிப் பிடித்து அடுக்கும்போது நடுவில் கூடு மாதிரிக் காலியிடம் விழுகிறது. 50 மில்லி ஆல்கஹாலும் 50 மில்லி தண்ணீரும் கலந்தால் சுமார் 96 மில்லிதான் வருகிறது என்பதற்கு, கொண்டைக்கடலைக்கு நடுவில் கடுகு இறங்குகிற மாதிரி என்று உவமை சொல்வார்கள். அதையும் நான் பாதிதான் நம்புகிறேன். சில திரவ ஜோடிகளைக் கலந்தால் அளவு கூடவும் செய்கிறது, கடுகும் கடலையும் அதைச் சொல்லித் தராது. துகள்கள் எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்பதுதான் விஷயம். இன்னும் நுணுக்கிப் போனால் அணுவின் எலெக்ட்ரான் மேகத்துக்குத் தெளிவான ஓரமே கிடையாது, ஆகவே "நடுவில்" என்பது எங்கே தொடங்குகிறது என்றே கோடு போட முடியாது. நான் முன்னால் சொன்ன எல்லை இதுதான், இதற்கு மேல் ஏழாம் வகுப்புக்கு வேண்டாம்.

அல்வாவுக்கு வருவோம், எனக்கும் வாய் ஊறிவிட்டது. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்தால் அதில் வருவது பெரும்பாலும் மாவுச்சத்து மணிகள். சர்க்கரையோடு உருளியில் போட்டுக் கிண்டக் கிண்ட, அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி, உடைந்து, உள்ளே சுருண்டிருந்த நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். வலை மாதிரி. அந்த வலைக்குள் சர்க்கரைத் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது, நெய் பொடிப் பொடியாகப் பரவி நிற்கிறது, கடைசியில் வலை இறுகும்போது தாங்க முடியாத நெய்யைக் கக்குகிறது. கிண்டுகிறவர் கைக்கு அந்தப் பதம் தெரியும், கரண்டி சட்டியை விட்டு விலகி வரும். ஆக, உள்ளே இருப்பதில் நிறைய திரவம், பிடித்து வைத்திருப்பது திண்மம் மாதிரியான ஒரு வலை. இந்த வகைக்குக் கூழ்மம் என்று பெயர், அதில் ஜெல் என்கிற இனம். நுங்கும் கிட்டத்தட்ட இந்த ஜாதிதான். ஒரே திண்மமும் இல்லை, ஒரே திரவமும் இல்லை, மூன்று கட்டம் வரைந்தவர்கள் தூய பொருளுக்கு வரைந்தார்கள், பலகாரத்துக்கு வரையவில்லை.

இன்னும் ஒன்று பார்க்கலாம். சுடச்சுட இலையில் வைத்த அல்வா மெல்லச் சரிந்து பரவும். ஆறியதை விரலால் லேசாகத் தட்டினால் துள்ளித் திரும்பும், விட்டு வைத்தால் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதாவது திண்மமா திரவமா என்பது எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் தார் போன்ற ஒரு பொருளைப் புனலில் ஊற்றி வைத்தார்கள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரிச் சிதறுகிற பொருள் அது. பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்துகொண்டிருக்கிறது, ஒன்பதாவது சொட்டு 2014-இல். அதைத் திரவம் என்கிறார்கள். உடனே ஜன்னல் கண்ணாடியும் மெல்ல வழிகிறது, பழைய கட்டடங்களில் கீழ்ப்பக்கம் தடித்திருக்கிறது என்று யாராவது கிளம்புவார்கள், அது கட்டுக்கதை. அந்தக் காலத்தில் கண்ணாடியை ஒரே தடிமனில் செய்யத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் துகள்கள் திரவம் மாதிரியே தாறுமாறாகக் கிடக்கும்போது கண்ணாடி ஏன் திண்மம் மாதிரி விறைத்து நிற்கிறது என்பது இன்றும் பௌதிகக்காரர்கள் முழுசாக முடிக்காத கணக்கு. பரீட்சையில் அல்வா கேட்க மாட்டார்கள், கேட்டால் "கூழ்மம்" என்று எழுதச் சொல்லுங்கள்.

மார்க்கைத் திரும்பக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம். அடுத்த தடவை "வெற்றிடம்" என்று ஒரு சொல்லில் நிறுத்தாமல், "ஒன்றுமில்லை, காற்றும் துகள்களால் ஆனதே" என்று சேர்த்து எழுதட்டும், எந்த ஆசிரியரும் அதைச் சுழிக்க மாட்டார். சிரிஞ்சை முதலில் செய்துவிட்டு, இன்னொரு நாள் சாயங்காலம் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நன்றாகக் கொதிக்கும்போது அடியிலிருந்து எழும்புகிறதே பெரிய பெரிய குமிழி, அதற்குள் என்ன இருக்கிறது என்று அவனிடம் கேளுங்கள். மறுபடியும் காற்று என்றுதான் சொல்வான். திட்ட வேண்டாம், அடுப்பை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்தும் குமிழி வந்துகொண்டே இருப்பதைக் காட்டி, இவ்வளவு காற்று அந்தச் சட்டிக்குள் எங்கேடா இருந்தது என்று மட்டும் கேட்டு வையுங்கள். கேஸ் கொஞ்சம் செலவாகும்.